அமெரிக்க மண்ணின் தாய்ப்பத்திரங்கள் ஒரே இடத்தில்: ஜிஎல்ஓ ரெக்கார்ட்ஸ் தளம் எப்படி?

அமெரிக்கா மேற்கே விரிந்ததைக் காட்டும் வரைபடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1803-ல் ஃபிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானா, 1845-ல் டெக்சாஸ், 1846-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு ஆரிகன், 1848-ல் போரில் தோற்ற மெக்சிகோவிடமிருந்து கலிஃபோர்னியா உள்ளிட்ட தென்மேற்கு, 1867-ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்கா என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வண்ணம் பூசியிருப்பார்கள். வண்ணம் மாறிய பிறகு அந்த மண்ணில் என்ன நடந்தது என்பது அதில் தெரியாது. சங்கிலி பிடித்து அளந்தார்கள், சதுரம் சதுரமாக நறுக்கி எண் போட்டார்கள், ஆளாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்த காகிதங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் அரசுச் சேவைதான் ஜிஎல்ஓ ரெக்கார்ட்ஸ்.

நடத்துவது அமெரிக்க உள்துறையின் நில மேலாண்மைப் பணியகம். 1812-ல் கருவூலத் துறைக்குள் தொடங்கிய பொது நில அலுவலகம் 1849-ல் உள்துறைக்கு மாறி, 1946-ல் மேய்ச்சல் நிலத் துறையோடு இணைந்து இந்தப் பணியகமானது. அந்தப் பழைய அலுவலகத்தின் ஆங்கிலச் சுருக்கமே ஜிஎல்ஓ. 1788 முதல் அரசு தனியாருக்கு வழங்கிய 50 லட்சத்துக்கும் மேற்பட்ட நில உரிமை ஆவணங்களின் படங்கள் இங்கே இருக்கின்றன. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், தாய்ப்பத்திரம் தேடும் இடம். அதற்குப் பிறகு அந்த நிலம் யார் யார் கைக்கு மாறியது என்று வில்லங்கம் பார்க்க அந்தந்த கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மேற்கு நோக்கிய விரிவாக்கத்தை ஓர் ஏக்கர் அளவுக்கு இறங்கிப் பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் இந்தத் தளத்தில் கதை பத்திரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் அந்த மண் யாருடையது என்பதை இது தானாகச் சொல்லாது. அந்தக் குறையைத் தெரிந்துகொண்டு, துணைக்கு வேறொரு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு பயன்படுத்த வேண்டும். எப்படி என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் தேடல்: டேனியல் ஃப்ரீமன்

பழகிப் பார்க்கச் சரியான ஆள் டேனியல் ஃப்ரீமன். ஐந்து வருடம் குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலம் தரும் ஹோம்ஸ்டெட் சட்டம், 1862 மே 20-ல் லிங்கன் கையெழுத்திட்டு, 1863 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றே நெப்ராஸ்காவின் பிரவுன்வில் நில அலுவலகத்தில் முதல் எண் விண்ணப்பத்தைப் பதிந்தவர் இவர். அவருடைய நிலம் இருந்த இடம்தான் பியாட்ரிஸ் ஊருக்கு அருகே உள்ள இன்றைய ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா.

தளத்தின் மேல்பகுதியில் ஆவணத் தேடல் என்ற பொத்தான் இருக்கிறது. உறுப்பினராகச் சேர வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆவண வகை, இடம், அடையாள எண் என மூன்று வழிகளில் தேடலாம். முதல்முறை வருபவர்கள் ஆவண வகையில் உரிமைப் பத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாநிலம் நெப்ராஸ்கா, குடும்பப் பெயர் ஃப்ரீமன், முதற்பெயர் டேனியல். மற்ற கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால் நல்லது என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு வடிகட்டி. ஒன்றில் ஓர் எழுத்து மாறினாலும் பட்டியல் வெறுமையாகிவிடும். அக்கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயர் எழுதியவர்கள். அதனால் வெளிநாட்டுக் குடும்பப் பெயர்களைத் தேடும்போது முதல் மூன்று நான்கு எழுத்தோடு % குறியைச் சேர்த்துத் தேடுவது நல்லது.

முடிவுப் பட்டியலில் ஒரே பெயரில் பலர் வரலாம். கேஜ் கவுண்டி, ஆறாவது முதன்மை மெரிடியன், டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு, செக்‌ஷன் 26 என்று இருப்பதைத் திறங்கள் (இந்தச் சொற்களின் பொருளை அடுத்த பகுதியில் பார்ப்போம்). உள்ளே விவரம், பத்திரத்தின் படம், தொடர்புடைய ஆவணங்கள் என்று மூன்று தாள்கள். படத்தைப் பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம். விவரத் தாளில் நில விவரணைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கட்டத்தைச் சொடுக்கினால், அந்தத் துண்டு இன்றைய வரைபடத்தின் மேல் வரையப்பட்டுத் தெரியும். தளத்தின் மிகச் சிறந்த வசதி இதுதான்.

ஃப்ரீமன் பத்திரத்தின் தேதி 1869 செப்டம்பர் 1. பரப்பு 160 ஏக்கர். விவரணை மூன்று துண்டாக வரும்: வடமேற்குக் காலின் தென் அரை, வடமேற்குக் காலின் வடகிழக்குக் கால், வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால். வரைந்து பார்த்தால் கீழ் வரிசையில் மூன்று நாற்பது ஏக்கர் சதுரங்கள், நடுச் சதுரத்தின் மேல் இன்னொன்று. 160 ஏக்கர் என்றால் ஒரே சதுரமாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வடிவம் ஒரு நல்ல பாடம். நாற்பது ஏக்கர்த் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் போதும், எந்த வடிவத்திலும் எடுக்கலாம். ஓடைத் தண்ணீரையும் கரையோர மரத்தையும் தன் எல்லைக்குள் கொண்டுவர இப்படி வளைத்து எடுப்பது வழக்கம். மரமில்லாத புல்வெளியில் வீடு கட்டவும் வேலி போடவும் அடுப்பு எரிக்கவும் வேறு வழி ஏது?

முகவரியைப் படிக்கும் முறை

இந்த முகவரி முறை புரியாவிட்டால் தளத்தில் பாதி வீண். பத்து நிமிடம் செலவழித்துக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு மேற்கு முழுவதையும் படிக்கலாம்.

1785 நிலச் சட்டம் வகுத்த முறைப்படி, ஒரு தொடக்கப் புள்ளியில் வடக்கு தெற்காக ஒரு மெரிடியன் கோடும் கிழக்கு மேற்காக ஓர் அடிக்கோடும் போடுவார்கள். அங்கிருந்து ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அடிக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எத்தனையாவது சதுரம் என்பது டவுன்ஷிப் எண், மெரிடியனிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எத்தனையாவது என்பது ரேஞ்ச் எண். அதற்குள் ஒரு மைல் பக்கமுள்ள 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். செக்‌ஷனைக் காலாக்கினால் 160, அதையும் காலாக்கினால் 40. 16-ஆம் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கீடு. செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் 1-ல் தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் 7-லிருந்து கிழக்கே திரும்பி, ஏர் மாடு சால் திரும்புகிற மாதிரி போய்ப் போய் வந்து தென்கிழக்கு மூலையில் 36-ல் முடியும். 1796 சட்டத்துக்கு முந்தைய ஒஹாயோ அளவைகளில் எண் வரிசை வேறு. அங்கே தென்கிழக்கில் தொடங்கி வடக்கே ஏறும். ஒஹாயோ ஆவணத்தை எடுத்து இன்றைய முறைப்படி இடம் குறித்தால் சில மைல் தள்ளிப்போய் நிற்பீர்கள்.

ஃப்ரீமன் முகவரியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறாவது மெரிடியனின் தொடக்கப் புள்ளி நெப்ராஸ்கா கான்சஸ் எல்லையில், மிசௌரி ஆற்றுக்கு 108 மைல் மேற்கே இருக்கிறது. 40 பாகை அட்சக்கோடே அடிக்கோடு. டவுன்ஷிப் 4 வடக்கு என்றால் எல்லையிலிருந்து 18 முதல் 24 மைலுக்குள். ரேஞ்ச் 5 கிழக்கு என்றால் மெரிடியனிலிருந்து 24 முதல் 30 மைலுக்குள். செக்‌ஷன் 26 மேலிருந்து ஐந்தாவது வரிசை, கிழக்கிலிருந்து இரண்டாவது கட்டம். ஆக, எல்லைக்கு வடக்கே 19-க்கும் 20-க்கும் இடைப்பட்ட மைல், மெரிடியனுக்குக் கிழக்கே 28-க்கும் 29-க்கும் இடைப்பட்ட மைல். ஜிபிஎஸ் இல்லாமல், ஒரு காகித முகவரியை வைத்து ஒரு மைல் சதுரத்துக்குள் வந்து நின்றுவிட்டோம். பார்க்காத நிலத்தை வாஷிங்டனில் உட்கார்ந்து விற்க முடிந்ததற்குக் காரணம் இந்த முகவரி முறைதான்.

விவரணையை எப்போதும் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். முதலில் செக்‌ஷன், பிறகு எந்தக் கால், பிறகு அந்தக் காலுக்குள் எந்தப் பகுதி. காற்புள்ளி மீது கண் வைத்திருங்கள். வடமேற்குக் காலின் தென் அரை என்றால் 80 ஏக்கர். நடுவில் ஒரு காற்புள்ளி விழுந்தால் தென் அரை தனி, வடமேற்குக் கால் தனி என்று பொருள் மாறி ஏக்கர்க் கணக்கே குலைந்துவிடும். விவரணையைப் படித்து முடித்ததும் பத்திரத்தில் எழுதியிருக்கும் மொத்த ஏக்கரோடு கூட்டிச் சரிபார்ப்பதுதான் பாதுகாப்பு.

சில பத்திரங்களில் கால், அரைக்குப் பதில் லாட் 1, லாட் 4 என்று வரும், ஏக்கரும் 37.62 போல உடைந்த எண்ணாக இருக்கும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். பூமி உருண்டை என்பதால் மெரிடியன் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கும், டவுன்ஷிப் கச்சிதமான சதுரமாக முடியாது. அளவையில் வந்த கூடுதல் குறைவையெல்லாம் வடக்கு ஓரச் செக்‌ஷன்களிலும் மேற்கு ஓரச் செக்‌ஷன்களிலும் தள்ளிவிடுவது விதி. அதனால் 1 முதல் 6 வரையும், 7, 18, 19, 30, 31-லும் லாட்கள் சகஜம். ஏரி, ஆற்றங்கரை ஓரத்திலும் வரும். லூசியானாவில் செக்‌ஷன் எண் 36-ஐத் தாண்டியும் போகும். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக்காலத்து நில உரிமைகளை அப்படியே ஏற்று, ஆற்றை ஒட்டிய நீள நீளத் துண்டுகளுக்குத் தனி எண் கொடுத்ததால் வந்தது அது.

அளவை வரைபடங்களும் களக் குறிப்பேடுகளும்

பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறுபவர்கள் தளத்தின் பெரிய செல்வத்தை விட்டுவிடுகிறார்கள். ஆவண வகையில் அளவைப் பதிவுகள் என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அங்கே பெயரே வேண்டாம். மாநிலம், மெரிடியன், டவுன்ஷிப், ரேஞ்ச் நான்கையும் கொடுத்தால் அந்த டவுன்ஷிப்பின் முதல் அளவை வரைபடம் கையெழுத்துப் படியாக வரும். ஒரே டவுன்ஷிப்புக்குப் பல தேதிகளில் வரைபடம் இருந்தால் மிகப் பழையதை முதலில் திறங்கள், பின்னால் வந்தவை பெரும்பாலும் திருத்தமும் மறு அளவையும்.

கட்டங்களுக்கு நடுவே ஓடை, சதுப்பு, புல்வெளியும் காடும் சேரும் ஓரம், குடியேறியவர் உழுத வயல், பழங்குடிகளின் ஊர், அவர்கள் நடந்த தடம், கோட்டைக்குப் போகும் வண்டிப்பாதை எல்லாம் வரையப்பட்டிருக்கும். நெப்ராஸ்கா, வயோமிங் பக்கத்து வரைபடங்களில் ஆரிகன் தடத்தைக் குடியேறிகள் சாலை என்ற பெயரில் காணலாம். வண்டிகள் போய்க்கொண்டிருந்த காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ நேரில் சென்று அளந்தவர் போட்ட கோடு அது. தடம் ஒவ்வொரு செக்‌ஷன் கோட்டையும் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று குறித்திருப்பதால், அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திச் சக்கரப் பள்ளங்களைத் தேடுகிறார்கள் தட ஆய்வாளர்கள்.

களக் குறிப்பேடு இன்னும் நெருக்கமானது. அளவு குன்டர் சங்கிலியில் இருக்கும். 66 அடி, 100 லிங்க், 80 சங்கிலி ஒரு மைல். நம் ஊர் அளவைக்காரர்களும் இழுத்த அதே சங்கிலி. கோடு போகும் வழியில் எத்தனையாவது சங்கிலியில் ஓடை குறுக்கிட்டது, அதன் அகலம் எத்தனை லிங்க், மண் எந்தத் தரம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். 40 சங்கிலியில் காற்செக்‌ஷன் கம்பம், 80-ல் செக்‌ஷன் மூலை. மூலையில் நட்ட கம்பம் அழுகிவிடும் என்பதால் பக்கத்து மரங்களைச் சாட்சியாக்குவார்கள். மரத்தின் வகை, அங்குலக் கணக்கில் விட்டம், பாகைக் கணக்கில் திசை, லிங்க் கணக்கில் தூரம். மரம் இல்லாத இடத்தில் குழி தோண்டி மண்மேடு போட்டு, கரித்துண்டு புதைத்துவிட்டுப் போவார்கள். குறிப்பேட்டில் பக்கம் பக்கமாகக் குழியும் மேடும் மட்டுமே வந்தால் அது மரமற்ற புல்வெளி என்று புரிந்துகொள்ளலாம். ஏர் படுவதற்கு முன் அந்த நிலத்தில் எந்த மரம் எவ்வளவு இருந்தது என்று சூழலியலாளர்கள் கணக்கெடுப்பது இந்தச் சாட்சி மரங்களை வைத்துத்தான்.

குறிப்பேட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மிச்சிகனில் இரும்புத் தாது காந்த ஊசியை இழுத்ததால் கோடுகள் கோணின. அதற்கு மாற்றாக வில்லியம் ஆஸ்டின் பர்ட் சூரியனைப் பார்த்துத் திசை காட்டும் கருவியைச் செய்து 1836-ல் காப்புரிமை வாங்கினார். நெப்ராஸ்கா அடிக்கோடு 1854-ல் தப்பாகப் போடப்பட்டு 1855-ல் திரும்ப அளக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் ஜான் பென்சன் கும்பல் களத்துக்கே போகாமல் குறிப்பேடு எழுதி அரசிடம் பணம் வாங்கியது. ஒரு டவுன்ஷிப் முழுக்க ஓடை ஒன்றும் குறுக்கிடாமல், எல்லாக் கோடும் சரியாக 80 சங்கிலியில் முடிந்தால் சந்தேகப்படுங்கள். சட்டப்படி, அளவைக்காரர் நட்ட மூலை தப்பான இடத்தில் இருந்தாலும் அதுதான் எல்லை. தளம் வரைந்து காட்டும் கட்டத்தை வைத்து எல்லைத் தகராறு பேச முடியாது. படங்கள் எல்லா மாநிலத்துக்கும் முழுமையாகவும் இல்லை. குறிப்பாகக் களக் குறிப்பேடுகளைப் பல இடங்களில் மாநில அலுவலகங்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எந்தச் சட்டத்தின்படி கிடைத்தது?

விவரத் தாளில் அதிகாரம் என்ற வரியைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் கொடுக்கப்பட்டது என்பது அங்கேதான் இருக்கிறது. 1820 ஏப்ரல் 24 சட்டம் என்றால் ரொக்க விற்பனை, ஏக்கர் குறைந்தது ஒன்றேகால் டாலர். லூசியானாவை ஏக்கருக்கு ஏறத்தாழ மூன்று சென்ட் கொடுத்து வாங்கிய அரசு வைத்த விலை அது. 1850 செப்டம்பர் 27 என்றால் ஆரிகன் நன்கொடைச் சட்டம். அந்த ஆண்டு டிசம்பர் 1-க்குள் வந்துசேர்ந்த தனி ஆளுக்கு 320 ஏக்கர், மணமானவர்களுக்கு 640, அதில் பாதி மனைவி பெயரில். 1862 ஜூலை 1 என்றால் ரயில் பாதை மானியம். அந்த வகைப் பத்திரம் ஒன்றைத் திறந்தால் ஒரு குடும்பத்தின் 160 ஏக்கர் இருக்காது, நூற்றுக்கணக்கான ஒற்றைப்படைச் செக்‌ஷன்கள் நீளமாக வரிசைகட்டும். மைலுக்குப் பத்துச் செக்‌ஷன் என்று தொடங்கி 1864-ல் இருபதாக்கினார்கள். ஒற்றைப்படை கம்பெனிக்கு, இரட்டைப்படை அரசுக்கு என்று பிரித்ததால் உண்டான சதுரங்கக் கட்டம் வயோமிங்கில் இன்றும் நில உரிமை வரைபடத்தில் தெரிகிறது.

1855 மார்ச் 3 என்றால் படைவீரர் வாரன்ட், அதாவது படையில் பணிபுரிந்ததற்காக அரசு கொடுத்த நிலச் சீட்டு. இங்குதான் வம்சாவளி தேடுபவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பத்திரத்தில் இரண்டு பெயர் வரும். ஒருவர் வாரன்ட் வழங்கப்பட்ட வீரரோ அவருடைய விதவையோ, மற்றவர் அதை விலைக்கு வாங்கி நிலத்தை எடுத்தவர். வாரன்டை விற்றவர் அந்த மாநிலத்தில் கால் வைத்திருக்கவே வேண்டியதில்லை. தானே எடுத்தாலும் குடியிருந்தார் என்று அர்த்தமில்லை. பிளாக் ஹாக் போரில் இருந்ததற்காக ஆபிரகாம் லிங்கனுக்கு அயோவாவின் க்ராஃபோர்டு கவுண்டியில் 120 ஏக்கர் கிடைத்தது, அவர் அங்கே குடியேறவில்லை.

ஹோம்ஸ்டெட் என்று தேடி ஆள் கிடைக்கவில்லை என்றால் ரொக்க விற்பனையிலும் பாருங்கள். ஐந்து வருடம் குடியிருந்து நிரூபிக்கப் பொறுக்காதவர்கள் ஆறு மாதத்துக்குப் பின் ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் கட்டிப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். 1891-க்குப் பிறகு அந்தக் கெடு 14 மாதமானது. அப்படி வாங்கியவர் ரொக்க விற்பனையாகவே பட்டியலில் நிற்பார்.

கையெழுத்திலும் கவுண்டியிலும் ஏமாற வேண்டாம். 1833 மார்ச்சுக்குப் பிறகு அதிபர் பெயரைச் செயலாளர்களே எழுதினார்கள். தவிர, தளத்தில் இருக்கும் பழைய படங்கள் அலுவலகப் பதிவேட்டுப் படிகள், பத்திரதாரர் கையில் கொடுத்த மூலம் அல்ல. பழைய பத்திரத்தின் தொடக்கத்தில் இன்ன கவுண்டிக்காரர் என்று எழுதியிருப்பது வாங்கியவரின் ஊர். நிலம் எங்கே என்பதற்கு டவுன்ஷிப் விவரணைதான் ஆதாரம்.

எதைத் தேடினாலும் கிடைக்காது?

இருபது மாநிலங்கள் இந்தத் தளத்தின் வரம்புக்குள் வராது. ஆரம்பக் கால 13 குடியேற்றங்கள், அவற்றிலிருந்தும் அவற்றை ஒட்டியும் உருவான வெர்மான்ட், மெய்ன், கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா, கூடவே டெக்சாஸ், ஹவாய். டெக்சாஸ் இணையும்போது தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது. அதற்கு ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பொது நில அலுவலகத்தின் தளத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கு ஒக்லஹோமாவில் செரோக்கி, சோக்டா உள்ளிட்ட ஐந்து பழங்குடி நாட்டினரின் நிலப் பங்கீட்டுப் பத்திரங்களை அந்த நாட்டினரின் அரசுகளே வழங்கியதால் அவையும் இங்கே இல்லை. கலிஃபோர்னியாவில் மெக்சிகோ காலத்து ரான்சோக்கள் (பெரும் பண்ணை நிலங்கள்) உண்டு. 1851 சட்டப்படி ஆணையத்தின் முன் வந்த 813 கோரிக்கைகளில் 604 ஏற்கப்பட்டன. ஆனால் அவற்றுக்குச் செக்‌ஷன் முகவரி கிடையாது, ரான்சோவின் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். பத்திரமும் பக்கக்கணக்கில் நீளும்.

தோற்றவர்களும் இங்கே இல்லை. ஹோம்ஸ்டெட் விண்ணப்பங்கள் ஏறத்தாழ 40 லட்சம், பத்திரம் கிடைத்தவை 16 லட்சம், 27 கோடி ஏக்கர். வறட்சியிலும் வெட்டுக்கிளியிலும் கடனிலும் விட்டுப்போன மற்றவர்களைப் பத்திரப் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் காண முடியாது. அவர்களைத் தேட நில அலுவலகப் பதிவேட்டுப் புத்தகங்களைப் புரட்ட வேண்டும். ரத்தான விண்ணப்பங்களும் அதில் வரும். குடியுரிமை உள்ளவர்களோ, குடிமகனாகும் விருப்பத்தை முறையாக அறிவித்தவர்களோதான் ஹோம்ஸ்டெட் கோரலாம் என்பதால், குடியுரிமை பெற முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஆசியர்களுக்கும் அந்தக் கதவு மூடியிருந்தது. 1923-ல் உச்ச நீதிமன்றம் இந்தியர்களையும் அந்த வரிசையில் சேர்த்தது.

பத்திரம் கிடைத்தவருடைய வாழ்க்கையும் பத்திரத்தில் இருக்காது. ஃப்ரீமனுக்காக அண்டை வீட்டார் கொடுத்த சாட்சியத்தில் 14-க்கு 20 அடி வீடு, பாதி மரக்கட்டை பாதி பலகை, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், உழுத 35 ஏக்கர், 40 ஆப்பிள் கன்று, சுமார் 400 பீச் கன்று என்று எல்லாம் வருகிறது. அது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் வழக்குக் கோப்பில் உள்ளது. தளத்தில் கிடைக்கும் நில அலுவலகம், ஆவண எண், சட்டம், நில விவரணை நான்கையும் குறித்துக்கொண்டு காப்பகத்துக்கு எழுதினால் கோப்பின் படியைக் கட்டணம் கட்டி வாங்கலாம். இந்த நான்கு விவரங்களையும் சிரமமில்லாமல் எடுத்துத் தருவதற்காகவே தளத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

பத்திரத்துக்கு முந்தைய உரிமை

பெரிய குறை இதுதான். பத்திரத்தைப் படித்தால் நிலம் அமெரிக்க அரசிடமிருந்து ஃப்ரீமனுக்குப் போனது என்று இருக்கும். ஓட்டோ, மிசௌரியா பழங்குடி மக்கள் பெயர் அதில் எங்கும் இல்லை. பிக் புளூ ஆற்றுப் பக்கம் அவர்கள் வாழ்ந்த நாடு அது. 1854 மார்ச் 15 ஒப்பந்தத்தோடு அவர்கள் அந்த ஆற்றை ஒட்டி அவர்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலமான ஓர் ஒதுக்கீட்டுக்குள் ஒடுக்கப்பட்டார்கள். இரண்டரை மாதத்தில், மே 30-ல், நெப்ராஸ்கா பிரதேசமே உருவாகிவிட்டது. மிஞ்சிய ஒதுக்கீட்டையும் விற்க 1881 மார்ச் 3 சட்டம் வழிவிட்டது, அதே ஆண்டு அவர்கள் இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

பழங்குடிப் பெயர்கள் தளத்தில் அடர்த்தியாக வருவது 1887-க்குப் பிறகு. டாஸ் சட்டம் ஒதுக்கீடுகளை உடைத்துக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பிரித்தது. தேடலில் பங்கீட்டு எண்ணுக்குத் தனிக் கட்டமே உண்டு. ஒரே ஆளுக்கு முதலில் காப்புப் பத்திரம் (நிலத்தை அவருக்காக அரசே காப்பில் வைத்திருக்கும்), பின்னால் முழு உரிமைப் பத்திரம் என்று இரண்டு வரலாம். இரண்டின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காப்புக் காலம் 25 வருடம் என்பது சட்டம். 1906 திருத்தத்துக்குப் பிறகு இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால், நிலம் சீக்கிரமே வரிக்கும் விற்பனைக்கும் திறந்துவிடப்பட்டது என்று பொருள். 1887-ல் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934-ல் 4.8 கோடியாகச் சுருங்கியது எப்படி என்பதை ஒரு குடும்பத்தின் அளவில் காட்டும் சான்று இந்த இரண்டு தேதிகள்.

அதனால் தளத்தைத் தனியே பயன்படுத்தாதீர்கள். பழங்குடிகள் அரசுக்கு எழுதிக் கொடுத்த நிலங்களைக் காட்ட சார்ல்ஸ் ராய்ஸ் தொகுத்த 67 நிலக் கையளிப்பு வரைபடங்கள் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. மாநில வாரியாகத் திறந்து, உங்கள் டவுன்ஷிப் எந்த எண்ணிட்ட பகுதிக்குள் விழுகிறது என்று பாருங்கள். அந்த எண்ணுக்கான அட்டவணையில் எந்த நாட்டினர், எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி என்று இருக்கும். ஒரே டவுன்ஷிப் இரண்டு எண்களில் விழலாம். பல நாட்டினர் உரிமை கோரிய நிலத்தை அரசு பலமுறை எழுதி வாங்கியதால் அப்படி. எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளில் நான்கு தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: ஒப்பந்தம், அளவை வரைபடம், நில அலுவலகத்தில் விண்ணப்பம், பத்திரம். விண்ணப்பத் தேதி பத்திரத்தில் இருக்காது, அதற்கு வழக்குக் கோப்போ பதிவேட்டுப் புத்தகமோ வேண்டும். முதல் அளவை வரைபடத்திலேயே வேலி, வயல், வீடு வரையப்பட்டிருந்தால், அளப்பதற்கு முன்பே ஆள் குடியேறிவிட்டார் என்று பொருள். முன்பே குடியேறியவருக்கு நிலத்தை முதலில் வாங்கும் உரிமை தந்த 1841 முன்னுரிமைச் சட்டப்படி அவர் விலைக்கு வாங்கியிருக்கலாம், அதனால் அந்தப் பெயரை ரொக்க விற்பனையிலும் தேடிப் பாருங்கள்.